ஓரம் வெட்டாத பிரதி

நாள் 1, புதன். சென்னை

பயணம் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு முதல் நாளைச் சொந்த ஊரிலேயே கழித்திருக்கிறேன். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினேன், அவ்வளவுதான். தோளில் ஒரு பை. உள்ளே நான்கு சட்டை, ஒரு கட்டு பிளாஸ்டிக் உறை, அளவு பார்த்து வெட்டிய அட்டைகள், ஒரு பழைய டைரி. டைரி முழுக்க எண்கள்தான். என்னிடம் இல்லாத முத்து, லயன், திகில், மினி லயன் காமிக்ஸ் இதழ்களின் எண்கள். ஒன்று கிடைத்தால் அதன் மேல் ஒரு கோடு. இருபது வருடமாகக் கோடு போட்டுப் போட்டு இப்போது பதினொன்று மிச்சம். பதினொரு புத்தகத்துக்காக ஐந்து நாள் லீவா என்று மனைவி கேட்டாள். கேள்வி நியாயமானது என்பதால் பதில் சொல்லவில்லை.

அந்தப் பதினொன்றில் எனக்கு உயிர் ஒன்றில்தான். 'தலைவாங்கிக் குரங்கு'. 1985இல் லயன் காமிக்ஸில் வந்தது. 1948இல் இத்தாலியில் பிறந்த காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லர் முதன்முதலாகத் தமிழ் பேசிய கதை. கதைதான் வேண்டுமென்றால் மறுபதிப்பில் படித்துக்கொள்ளலாம், இந்த அலைச்சல் தேவையில்லை. எனக்கு வேண்டியது அந்த 1985ஆம் வருடத்துச் சாணித்தாள். அதன் மேல் அச்சு மை திட்டுத் திட்டாகப் படிந்திருக்கும் விதம். கடைசிப் பக்கத்தில் 'அடுத்த வெளியீடு' விளம்பரம்.

பழைய புத்தகம் என்றதும் சென்னைக்காரன் கால் தானாக மூர் மார்க்கெட் பக்கம் போகும். பழைய மூர் மார்க்கெட் 1985 மே 30இல் எரிந்துபோனது. அந்த இடத்தில் இன்று சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. ரயில்வே அதை இப்போதும் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்றுதான் குறிக்கிறது. தீப்பிடித்தபோது முத்து காமிக்ஸுக்குப் பதின்மூன்று வயது, லயனுக்குப் பத்து மாதம். அன்று முத்துவின் நாயகர் இரும்புக்கை மாயாவி எத்தனை பிரதியாகச் சாம்பலானாரோ என்று கணக்குப் போட்டுப் பார்க்காத காமிக்ஸ்காரன் கிடையாது. கடைகள் பிறகு அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. நானும் அங்கே போனேன். நீட் வழிகாட்டி, போட்டித் தேர்வு வினா வங்கி, பொறியியல் பாடப்புத்தகம். ஒரு கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "காமிக்ஸா? அதெல்லாம் கடைக்கே வர்றதில்ல சார். வீட்ல இருந்து நேரா வாட்ஸ்அப் குரூப்புக்குப் போயிடுது."

சரி என்று திருவல்லிக்கேணிக்கு நடையைக் கட்டினேன். பாரதி சாலை என்று பெயர் மாறி எவ்வளவோ காலமாகியும் பழைய புத்தகக்காரர்களுக்கு அது பைகிராப்ட்ஸ் ரோடுதான். நடைபாதையில் ஒருவரிடம் ராணி காமிக்ஸ் பதினான்கு இருந்தது. ராணியும் லயனும் ஒரே மாதத்தில், 1984 ஜூலையில் தொடங்கியவை. அங்கே முதல் இதழில் ஜேம்ஸ் பாண்ட், இங்கே முதல் இதழில் மாடஸ்டி என்ற சாகசக்காரி. ராணி 2005 வரை ஓடி ஐந்நூறு இதழ்களோடு நின்றது. எங்கள் வீட்டில் அண்ணன் லயன் கட்சி, பக்கத்து வீட்டுப் பையன் ராணி கட்சி, நான் எது கையில் கிடைக்கிறதோ அந்தக் கட்சி.

பழைய காமிக்ஸ் வாங்குகிறவன் முதலில் அட்டையைப் பார்க்கக் கூடாது. அட்டை மயக்கிவிடும். முதலில் நடுப்பக்கம். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளை அரித்து, நடுத்தாள்தான் முதலில் கழன்று விழும். அது போனால் நான்கு பக்கம் போச்சு. அடுத்து கடைசித் தாள். மூன்றாவது, ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா என்று. இந்த மூன்றாவதில்தான் நான் ரொம்பக் கறார்.

பைண்டிங் போட்ட புத்தகங்களை நான் தொடுவதில்லை. மூன்று நான்கு இதழ்களைச் சேர்த்து அடுக்கி, முதுகோரம் துளை போட்டு நூல் கோத்து, மயில்துத்தம் கலந்த மைதாப் பசையில் அட்டை ஒட்டி, கடைசியில் கட்டிங் மெஷினில் மூன்று பக்கமும் சீவிவிடுவார்கள். வெளி ஓரத்தில் பேச்சுப் பலூனின் கடைசி எழுத்து போய்விடும். உள் ஓரத்தில் பாதி முகம் தையலுக்குள் மாட்டிக்கொள்ளும். 1986 கோடை லீவில் எங்கள் அண்ணன் எங்களிடமிருந்த காமிக்ஸ் எல்லாவற்றையும் இப்படிப் பைண்டிங்குக்குக் கொடுத்தான். அதற்கு நாலு வருடம் கழித்து வீடு மாறியபோது மொத்தமும் எடைக்குப் போனது. எடைக்குப் போட்டவர் அப்பா. கோபம் என்னவோ இன்றுவரை பைண்டிங் மேல்தான்.

இன்றும் அந்த நடைபாதையில் கனமான பைண்டிங் வால்யூம் ஒன்று கிடந்தது. முந்நூறு ரூபாய் என்றார். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ராணியில் மூன்று மட்டும் பொறுக்கி, ஒன்று ஐம்பது என்று வாங்கினேன். டைரியில் கோடு விழவில்லை.

நாள் 2, வியாழன். சென்னை, பிறகு பல்லவன் எக்ஸ்பிரஸ்

காலையில் தரமணி. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். காமிக்ஸ் தேடிப் போகவில்லை, சேர்ப்பவன் போய்வர வேண்டிய இடம் என்று போனேன். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர் முத்தையா. புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தவர். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. வாங்கிய கையோடு கப்பலேற்றாமல் தமிழ்நாட்டிலேயே நூலகமாக்கியது. சுமார் ஒரு லட்சம் உருப்படிகள். நோட்டீஸைப் போய் யாராவது சேர்ப்பார்களா என்று அந்தக் காலத்தில் எத்தனை பேர் அவரிடம் கேட்டிருப்பார்கள்! எனக்கு ஒரு மனைவிதான் கேட்கிறாள்.

பிற்பகல் எழும்பூரில் பல்லவன். ரயில் நகர்ந்ததும் நேற்று வாங்கியவற்றை எடுத்து உறை போட ஆரம்பித்தேன். மரக்கூழில் செய்த மலிவான தாள் வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுத்துக்கொண்டே போகும். அதிலேயே ஊறும் அமிலம் நாரை அறுத்து, மடித்த இடத்தில் அப்பளமாக நொறுங்கும். நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம். இருட்டான, காய்ந்த இடம் வேண்டும். உறை பாலிப்ராப்பிலீனாக இருக்க வேண்டும், பிவிசி கூடாது. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டுகிறவர்களை நான் மன்னிப்பதில்லை. சில வருடத்தில் டேப் காய்ந்து உதிர்ந்துவிடும், பசை மட்டும் மஞ்சளாகத் தாளுக்குள் இறங்கி நிரந்தரமாகத் தங்கிவிடும்.

எதிர் சீட்டில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் செங்கல்பட்டிலிருந்தே என் கையைப் பார்த்துக்கொண்டு வந்தார். விழுப்புரத்தில் கேட்டேவிட்டார். "ஒண்ணு குடுங்களேன். விருத்தாசலம் வர்றதுக்குள்ள முடிச்சுக் குடுத்திடுறேன்."

கொடுத்தேன். அவர் அட்டையைப் பின்னால் மடித்து, ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு படித்தார். முதுகில் பின் இருக்கும் இடத்தில் தாள் கிழியும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. ஒன்றும் சொல்ல முடியவில்லை, மனுஷன் அவ்வளவு சந்தோஷமாகப் படித்தார். பாதியில் நிமிர்ந்து, "தம்பி, இதுல பன்னெண்டுக்கு அப்புறம் பதினஞ்சு வருதே" என்றார்.

நடுப்பக்கம், கடைசித் தாள், ஓரம் என்று நேற்று அவ்வளவு பேசினேன். இடையில் ஒரு தாள் கிழிக்கப்பட்டிருந்தது தெரியவில்லை.

நாள் 3, வெள்ளி. கோட்டையூர், காரைக்குடி

காலையில் டவுன் பஸ்ஸில் கோட்டையூர். தேடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை, முத்தையா நடந்த தெருக்களில் ஒரு நடை நடக்கலாம் என்று. ஒரு தெருவின் நீளத்துக்கு ஒரே வீடு. முன்வாசல் இந்தத் தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பாதி வீடுகளில் பூட்டு. இத்தனை வீடுகளில் இத்தனை பரண்கள், அத்தனையிலும் என்னவெல்லாம் இருக்குமோ என்று நினைத்தாலே தொண்டை வறண்டுபோகிறது.

பரணிலிருந்து இறங்கியதெல்லாம் கடைசியில் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வந்துவிடும். எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படம், வால்வு ரேடியோ, தகரத்தில் செய்த விளையாட்டு ரயில். கடைக்காரர்களுக்கு விலை அத்துப்படி. வெளிநாட்டுக்காரர் வந்து போகும் தெரு, நம் சட்டையைப் பார்த்தே ஆளை எடைபோடுவார்கள். காமிக்ஸ் என்றதும் ஒருவர் அம்புலிமாமா கட்டு ஒன்றை எடுத்துப் போட்டார்.

"இது காமிக்ஸ் இல்லண்ணே."

"படம் இருக்குல்ல?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. 1947 ஜூலையில் தொடங்கிய பத்திரிகை. விக்கிரமாதித்தன் இடக்கையில் வாளும் வலத்தோளில் பிணமுமாகவா, மாற்றியா என்று எங்களுக்குள் பந்தயமே நடக்கும். எந்தக் கை என்றாலும் அந்த மயானமும் மரமும் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. வரைந்த சங்கர், 2020இல் தொண்ணூற்றாறு வயதில் மறைந்தார். ஒரே படத்தை வருடக்கணக்கில் மாதா மாதம் பார்த்தும் அலுக்காமல் இருந்தது ஒரு தலைமுறை. ஒரு இதழ் மட்டும் எடுத்தேன். நானூறு என்று ஆரம்பித்து இருநூற்றைம்பதில் முடிந்தது. கடையை விட்டு வெளியே வந்ததும் இருநூறுக்கே கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. அந்த எண்ணம் வராத நாள் நல்ல நாளாக இருக்கும்.

அந்தக் கடைக்காரர்தான் இரண்டு தெரு தள்ளி ஒரு ஆச்சி வீட்டைக் காட்டிவிட்டார். ஆச்சி பட்டாலையில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். டிரங்குப் பெட்டியைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை பூந்தளிர். வாண்டுமாமா ஆசிரியராக இருந்த பத்திரிகை. கபீஷ் குரங்கு, சுப்பாண்டி எல்லாம் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பழக்கமானது இதில்தான். ஒரு மூலைகூட மடங்காத பிரதிகள். என் கை நடுங்கியதை ஆச்சி பார்த்துவிட்டார்.

"பாக்கத்தான் கூப்பிட்டேன். குடுக்கிறதுக்கில்ல. சிங்கப்பூர்லேருந்து பேரன் வருவான், படிப்பான்."

"தமிழ் படிப்பாரா ஆச்சி?"

"எழுத்துக் கூட்டித்தான். அதனால என்ன, படம் இருக்குல்ல."

ஒரே நாளில் இரண்டாவது முறையாக இந்த வாக்கியம். நாப்தலீன் உருண்டை போட்டு வைக்கச் சொன்னேன். பெட்டியின் மூலையைக் காட்டினார். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் துணியில் முடிந்து வைத்திருந்தது. நாற்பது வருடமாக ஒரு ராமபாணப் பூச்சி அண்டவில்லையாம். கிளம்பும்போது என் பையிலிருந்த உறைகளில் பாதியை ஆச்சியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கி என்ன செய்வது என்று தெரியாமல் அதில் ஒன்றில் மஞ்சள் கிழங்கைப் போட்டுப் பார்த்தார்.

நாள் 4, சனி. மதுரை

பழைய புத்தகக் கடைகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான்கு கடை, பூஜ்யம். ஐந்தாவதில் லயன் பாக்கெட் சைஸில் வந்த காலத்து இதழ் ஒன்று கிடைத்தது, அதுவும் என்னிடம் ஏற்கெனவே இருப்பது. இருந்தும் வாங்கினேன். அது ஒரு வியாதி, விடுங்கள்.

மதுரைக்கு வந்ததே வேறு காரணத்துக்கு. மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வாடகை நூல் நிலையம் நடத்திய பெரியவர் ஒருவர் இருக்கிறார், மாடியில் அலமாரிகள் அப்படியே இருக்கின்றன என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார். கேபிள் டிவி வந்த பிறகு ஆள்வரத்து குறைந்து மூடியதாம். போய்க் கதவைத் தட்டினேன். சட்டை போடாமல், கழுத்தில் துண்டோடு வந்து திறந்தார். விஷயத்தைச் சொன்னதும், "மேல தூசியா இருக்கும். பரவால்லையா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

மாடிக்குப் போனதும் மனசு விழுந்துவிட்டது. இரண்டு இரும்பு அலமாரி, அத்தனையும் பைண்டிங். காலிகோ துணி ஒட்டிய முதுகுகள், ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில் எண். நாவல் ஒரு பக்கம், காமிக்ஸ் ஒரு பக்கம். ஓரம் வெட்டாத ஒரு பிரதி கிடையாது. அவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று மரியாதைக்குப் பிரித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். முத்து காமிக்ஸில் லாரன்ஸ் டேவிட், ஜானி நீரோ. இரும்புக்கை மாயாவி மட்டும் ஐந்து வால்யூம்.

நாற்பத்தேழாம் எண்ணில் இரண்டாவது புத்தகம் 'தலைவாங்கிக் குரங்கு'.

அட்டையைத் தூக்கிப்போடாமல் உள்ளேயே வைத்துத் தைத்திருந்தார். மேல் ஓரத்தைச் சீவியதில் கதையின் பெயர் உச்சியில் கொஞ்சம் போயிருந்தது. தலைவாங்கியின் தலையையே கட்டிங் மெஷின் வாங்கிவிட்டது. மற்றபடி எல்லாப் பக்கமும் இருந்தது. முதல் தாளிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணினேன், ரயிலில் எதிர் சீட்டுக்காரர் கற்றுக்கொடுத்த பாடம்.

"ஏங்கய்யா எல்லாத்தையும் வெட்டிட்டீங்க?" வாயை அடக்க முடியவில்லை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "லூசா குடுத்தா மூணாவது கைக்குப் போறதுக்குள்ள அட்டை போயிரும். பத்தாவது கைக்குக் கதையே போயிரும். கட்டின புக்கு இருநூறு கை தாங்கும். ஓரத்தை வெட்டலேன்னு வெய்யிங்க, எச்சி தொட்டு எச்சி தொட்டு மூலையெல்லாம் பொடிஞ்சிரும். வெட்டி விட்டா வழுவழுன்னு புரளும்ல?" என்று ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் சர்ரென்று புரட்டிக் காட்டினார். சீட்டுக்கட்டு மாதிரி புரண்டது.

உட்கார இடம் தேடி ஒரு ஸ்டூலைத் துடைத்துக்கொண்டேன். நான் இருபது வருடமாகச் சேர்த்துவைத்திருக்கும் ஓரம் வெட்டாத பிரதிகள் பெரும்பாலும் யாரும் அதிகம் படிக்காதவை. கடையில் விற்காமல் தங்கியவை, வாங்கியவர் ஒருமுறை படித்துவிட்டு உள்ளே வைத்தவை. அவற்றின் அழகே அதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இவரிடம் இருப்பவை வேறு சாதி. ஊரே படித்தும் உயிரோடு இருப்பவை.

கடைசி அட்டையின் உட்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஊதா மையில் தேதி முத்திரை, பக்கத்தில் உறுப்பினர் எண். 1986இல் ஆரம்பித்து 1994 வரை. சீட்டு நிரம்பி அதன் மேல் இன்னொரு சீட்டு. 62ஆம் எண் ஏழு தடவை இருந்தது. அதே வால்யூமை ஒரே ஆள் ஏழு முறை எடுத்திருக்கிறார். இரண்டு முறை அடுத்தடுத்த வாரங்களில்.

"இந்த 62 யாருங்கய்யா?"

கீழே போய் நீள ரிஜிஸ்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிரித்தோம். ஐம்பதிலிருந்து தொண்ணூறு வரை கரையான் படித்துவிட்டது.

விலை பேசினேன். ஆயிரத்தில் தொடங்கி மூவாயிரம், ஐயாயிரம் வரை போனேன். காமிக்ஸ்காரன் எவனும் ஒரு பைண்டிங்குக்கு இந்தத் தொகை கேட்டிருக்க மாட்டான், குரூப்பில் சொன்னால் சிரிப்பார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

"விக்கிறதுக்கு இல்ல தம்பி. வேணும்னா வாடகைக்கு எடுத்துட்டுப் போங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மனுஷன் ரிஜிஸ்டரில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பெயர், முகவரி, போன் நம்பர் எழுதிக்கொண்டார். எனக்கு எண் 388. முன்பணம் இருபத்தைந்து ரூபாய், வாரத்துக்கு வாடகை ஒரு ரூபாய். தேதி முத்திரையில் மை காய்ந்துபோய் வருடமும் 1999இல் நின்றுவிட்டது. அதனால் பேனாவால் எழுதினார், அடுத்த சனிக்கிழமை. "தபால்ல அனுப்பினாலும் சரிதான், ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பணும்" என்றார்.

ராத்திரி லாட்ஜில் படித்தேன். இரண்டு இடத்தில் தையலுக்குள் போன வசனத்தைப் புத்தகத்தை விரித்துப் பிடித்து எட்டிப் பார்த்துப் படிக்க வேண்டியிருந்தது. அப்புறம் விருதுநகரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் பண்ணினேன்.

"பைண்டிங்கா? நீதான் தொடமாட்டியே" என்றான்.

"தொட்டாச்சு."

"நாளைக்கு வர்றப்ப எடுத்துட்டு வா."

நாள் 5, ஞாயிறு. விருதுநகர், சிவகாசி

மதினி மத்தியானத்துக்குச் சமைக்கிறேன் என்றதை அண்ணன் தடுத்து, கடையிலிருந்து எண்ணெய் புரோட்டா வாங்கி வந்திருந்தான். சாப்பிட்ட கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட்டான். கதையைத் திறக்கவில்லை, முதுகைத் தடவிப் பார்த்தான். தையல் எத்தனை துளை என்று எண்ணினான். "நல்ல வேலைடா இது. நம்ம ஊர்ல நான் குடுத்த ஆளு முதுகுல பசை மட்டும் போட்டு ஏமாத்திட்டான்" என்றான். அவன் பைண்டிங்குக்குக் கொடுத்த காரணத்தை இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை. இன்று அவனாகவே சொன்னான். தெருப் பையன்கள் இரவல் வாங்கிப் போய் அட்டையில்லாமல் திருப்பித் தந்தார்களாம். மூன்றை ஒருத்தன் தரவே இல்லையாம்.

அவனைப் படிக்கவிட்டு நான் மட்டும் சிவகாசிக்குப் பஸ் ஏறினேன்.

ஆடிக்காற்று கண்ணில் மண்ணை வாரிப்போட்டது. ஆடிப்பெருக்கு நெருங்குகிறது, அன்றுதான் அடுத்த வருடத்து காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமையிலும் சில அச்சகங்களில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சு என்று மூன்று தொழில் வைத்திருக்கும் ஊர். மூன்றுக்கும் வறண்ட காற்று வேண்டும். தீப்பெட்டிக்கு லேபிள் அடிக்க வந்த மெஷின்கள்தான் காலப்போக்கில் காலண்டர், பாடப்புத்தகம் என்று அச்சடிக்க ஆரம்பித்தன. அந்த வரிசையில்தான் 1972இல் இந்த ஊரிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வந்தது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் ஆள். பத்து வருடம் முன்பு, 1962இல், லண்டனில் 'வேலியன்ட்' வாரப் பத்திரிகையில் தொடங்கிய தொடர் அது. ஸ்பானிஷ் ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ வரைந்தார். இங்கே முல்லை தங்கராசன் தமிழாக்கினார். லண்டன், ஸ்பெயின், சிவகாசி. இந்த மூன்று ஊர்க் கதையை அந்த வயதில் நாங்கள் அறியவில்லை. மாயாவி விருதுநகர் ஜில்லாக்காரர் என்றே நம்பினோம். ஒரு விதத்தில் உண்மைதானே.

காமிக்ஸ் அலுவலகம் ஞாயிறு என்பதால் பூட்டியிருந்தது. பூட்டியிருக்கும் என்று தெரிந்தேதான் போனேன். திறந்திருந்தால் உள்ளே போய் என்ன பேசுவது? வாசலில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு எதிரே டீக்கடைக்கு வந்தேன்.

டீக்கடை பெஞ்சில் ஓர் அண்ணாச்சி. நாற்பது வருடம் அச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த அச்சகம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. படக்கதை வேலை பார்த்திருக்கிறீர்களா என்றதும் கிளாஸைக் கீழே வைத்தார். வசனத்தை அச்சுக் கோத்துப் புரூப் எடுத்து, பிளேடால் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு பலூனுக்குள்ளும் ஒட்ட வேண்டுமாம். இங்கிலீஷுக்கு வரைந்த பலூன் தமிழுக்குப் பத்தாது. "அவன் மூணெழுத்துல 'ரன்'னுட்டுப் போயிருவான். நமக்கு 'ஓடுங்கள்'னு வரும். பலூனுக்குள்ள எப்படி அடைக்கிறது? மொழிபெயர்க்கிறவர் வசனத்தை நறுக்கணும், இல்லேன்னா நாங்க எழுத்தைச் சின்னதாக்கணும். ரெண்டும் முடியலேன்னா பலூனோட வாலை வெட்டிருவோம்" என்றார்.

ஆக, பைண்டிங்காரரின் கத்திக்கு முன்னாலேயே ஒரு கத்தி இருந்திருக்கிறது. ஓரம் வெட்டாத பிரதியென்று உறை போட்டு நான் பூட்டிவைத்திருக்கும் ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு ஏழெட்டு வெட்டு. அண்ணாச்சிக்கு இன்னொரு டீ சொன்னேன்.

சாயங்காலம் விருதுநகர் திரும்பியபோது அண்ணன் முதல் கதையிலேயே இருந்தான். குரங்கு வரும் இரண்டாவது கதைக்கு இன்னும் வரவில்லை. முன்னைப்போல வேகமாகப் படிக்க முடியவில்லை, கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறது. வெளிச்சம் பத்தாமல் ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, ராத்திரி பொதிகைக்கு நான் கிளம்பணும்."

"கிளம்பு. புக்கு இருக்கட்டும்."

"சனிக்கிழமை திருப்பிக் குடுக்கணும். என் பேர்ல எழுதியிருக்கார்."

"நான் கொண்டுபோய்க் குடுக்கறேன்டா. மதுரைதானே."

கொடுக்க மாட்டான். தெருப் பையன்கள் திருப்பித் தராத மூன்று புத்தகக் கதையைச் சொன்ன அதே வாய். மதினி எனக்குக் கண்ணைக் காட்டினார், விட்டுவிட்டு வந்தேன்.

நாள் 6, திங்கள். தாம்பரம்

விடியற்காலை வீட்டுக்கு வந்தாயிற்று. டைரியை எடுத்துவைத்துக்கொண்டு யோசித்தேன். கையில் இல்லாத புத்தகத்துக்குக் கோடு போடலாமா? பென்சிலால் பாதிக் கோடு போட்டிருக்கிறேன்.

அண்ணன் போன் பண்ணினான். காலையில் குரங்குக் கதையை ஆரம்பித்துவிட்டானாம், முதல் அட்டையின் உள்பக்கத்தில் நூல் நிலைய விதிமுறைகள் ஒட்டியிருப்பதையும் படித்தானாம். சனிக்கிழமை தாண்டினால் அபராதம் நாளுக்குப் பத்துக் காசுதானேடா, நான் கட்டிக்கிறேன் என்றான். பத்துக் காசு 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாமல் போய்விட்டது என்று சொன்னேன்.

"அப்ப இன்னும் வசதி" என்று வைத்துவிட்டான்.